ஒரு தாவலுக்குப் பதினைந்து: டியாப்லோ 3இல் ஒரு விஸார்ட் வேகமெடுத்த நிகழ்வு ஆய்வு

டியாப்லோ 3 என்ற கணினி விளையாட்டில், டெத்ஸ் பிரெத் என்ற மூலப்பொருள் என்னிடம் தீர்ந்துபோன நாளில்தான் இந்த வேலை தொடங்கியது. கனாயின் கியூப் என்ற மந்திரப் பெட்டியில் ஓர் அரிய பொருளை லெஜண்டரியாக, அதாவது தனிச் சக்தி கொண்ட உயர்தரப் பொருளாக, மாற்ற ஒவ்வொரு முறையும் 25 டெத்ஸ் பிரெத் வேண்டும். அத்துடன் மூன்று வகைச் சாதாரண மூலப்பொருள்களில் தலா 50. எந்த லெஜண்டரி வரும் என்பது குலுக்கல். நல்ல மந்திரக்கோல் ஒன்று கேட்டுக் கேட்டு, கையிருப்பு முழுவதையும் கியூபுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, வெறும் பையோடு நின்றேன்.

என்னிடம் இருந்தது வலுவான விஸார்ட், அதாவது மந்திரவாதி. கடிகாரத்தோடு ஓடும் கடினமான நிலவறைகளான கிரேட்டர் ரிஃப்ட்டுகளில் மேலே மேலே ஏறுவதற்காகவே கட்டிய தல் ரஷா மீட்டியோர் பில்ட்: தல் ரஷா என்ற செட்டையும் (சேர்த்து அணிந்தால் கூடுதல் பலன் தரும் பொருள் தொகுப்பு) மீட்டியோர் என்ற எரிகல் மந்திரத்தையும் நம்பிய அமைப்பு. டெத்ஸ் பிரெத் சேர்க்க அதையே எடுத்துக்கொண்டு, கடிகாரமில்லாத நெஃபலம் ரிஃப்ட்டுகளில் இறங்கினேன். அரக்கர்கள் என் அருகில் வரும் முன்பே சாம்பலானார்கள். ஆனாலும் ஒரு ரிஃப்ட் முடிய ஆறு நிமிடத்தை ஒட்டி ஆனது. இவ்வளவு பலம் இருந்தும் ஏன் இத்தனை நேரம்?

ஒரு ரிஃப்ட்டைத் திரைப்பதிவு செய்து, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். சண்டைக்குப் போன நேரம் சொற்பம். பாதிக்கும் மேற்பட்ட நேரத்தில் என் விஸார்ட் காலியான பாதைகளில் நடந்துகொண்டிருந்தார். மீதியில் பெரும்பகுதி, அடுத்த கூட்டத்தின் முன் நின்று, கையை நீட்டி, மந்திரத்தைப் பாய்ச்சத் தொடங்கும் சடங்குக்குப் போயிருந்தது. எக்ஸ்பிரஸ் என்று பலகை மாட்டிக்கொண்டு எல்லா நிறுத்தத்திலும் நின்று போகும் பஸ்ஸைப் போல.

நிற்பதற்காகவே கட்டப்பட்ட உருவம் அது. பழைய பில்ட்டின் கையில் டெத்விஷ் வாள். ஆர்கேன் டாரன்ட் போன்ற மந்திரத்தை விடாமல் பாய்ச்சிக்கொண்டிருக்கும்வரைதான் அது சேதத்தை உயர்த்தும். இடக்கையில் எட்ச்டு சிஜில்; பாய்ச்சிக்கொண்டிருக்கும்போது நொடிக்கு ஒருமுறை இன்னொரு செலவு மந்திரத்தை, அதாவது மீட்டியோரை, தானே வீசும். மோதிரத்தில் கன்வென்ஷன் ஆஃப் எலமென்ட்ஸ். விஸார்டுக்கு ஆர்கேன், குளிர், நெருப்பு, மின்னல் என நான்கு நான்கு நொடியாகச் சுற்றி வரும். 16 நொடிச் சுற்றில் நம் முறை வரும் நான்கு நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். சேய்ஸ் ஸ்டோன் கல்லோ எதிரி தொலைவில் இருந்தால்தான் முழுப் பலன் தரும். இவை ஒவ்வொன்றும் ‘நில், பொறு, தள்ளி நில்’ என்றே சொல்கின்றன. 15 நிமிடக் கடிகாரத்தோடு பெரும் பலம் கொண்ட எதிரிகளை உடைக்க வேண்டிய கிரேட்டர் ரிஃப்ட்டில் அந்தப் பொறுமைக்குக் கூலி உண்டு. ஒரே அடியில் விழும் கூட்டத்தின் முன் அதே பொறுமை வெறும் நேர விரயம்.

ஆகவே ஒவ்வொரு பொருளிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதென்று முடிவு செய்தேன்: நீ என் நடையைக் குறைக்கிறாயா? எவ்வளவு சேதம் தருகிறாய் என்பதை இரண்டாவதாகத்தான் கேட்டேன்.

நடையைக் குறைப்பது விஸார்டின் டெலிபோர்ட். ஒரு தாவலில் 50 கெஜம்வரை போகலாம். ஆனால் ஒருமுறை தாவினால் 11 நொடி காத்திருக்க வேண்டும். இந்தப் பூட்டைத் திறக்க இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று இன்-ஜியோம் வாள்: எலீட் எனப்படும் பலமான அரக்கர் கூட்டம் ஒன்றைக் கொன்றதும் 15 நொடிக்குத் திறன்களின் காத்திருப்பு 8 முதல் 10 நொடிவரை குறையும். கியூபில் ஏற்றினால் பொருளை அணியாமலே அதன் சக்தி கிடைக்கும், அதுவும் எப்போதும் உச்ச அளவில், அதாவது 10. டெலிபோர்ட்டின் 11 நொடி ஒரே நொடியாகிவிடும். இன்னொன்று ஏதர் வாக்கர் மந்திரக்கோல்: காத்திருப்பே இல்லை; ஆனால் ஒவ்வொரு தாவலுக்கும் 25 ஆர்கேன் பவர் (மந்திர ஆற்றல்) கட்ட வேண்டும்.

முதலில் இன்-ஜியோமைத்தான் எடுத்தேன். எலீட்டுகள் வரிசையாகக் கிடைத்த தளங்களில் பறந்தேன் என்றே சொல்ல வேண்டும். பிறகு நீண்ட, வளைந்த, எலீட்டே இல்லாத ஒரு தளம் வந்தது. 15 நொடி முடிந்தது. பழைய நடைக்கே திரும்பினேன். இன்-ஜியோமின் குறை அங்கேதான் பளிச்சென்று தெரிந்தது: எலீட் அருகில் இருக்கும்போது வேகம் தருகிறது, எலீட்டைத் தேடி அலையும்போது கைவிடுகிறது. வேகம் தேவைப்படுவதோ தேடும்போது. ஆர்கான் என்ற தற்காலிக ஆற்றல் வடிவத்தை நம்பும் வயர் செட் விஸார்டுகளுக்கு இந்த வாள் வேறு கதை. அவர்களுக்கு அந்தக் காத்திருப்புக் குறைப்பு உயிர்நாடி. எனக்கு ஒத்துவரவில்லை. ஏதர் வாக்கரைக் கியூபில் ஏற்றினேன்.

இப்போது சிக்கல் காத்திருப்பிலிருந்து கட்டணத்துக்கு மாறியது. விஸார்டின் அடிப்படைக் கொள்ளளவு 100 ஆர்கேன் பவர். நொடிக்கு 10 ஊறும். தாவலுக்கு 25 என்றால் நிறைந்த குடுவையோடு நான்கு தாவல். அதன்பின் இரண்டரை நொடிக்கு ஒன்று. முதல் நாள் அப்படித்தான் விளையாடினேன். நான்கு முறை மின்னலாய்ப் பாய்ந்துவிட்டு, ஐந்தாவதற்கு மூச்சு வாங்கி நிற்கும் விஸார்ட். பார்க்கவே பாவமாக இருந்தது.

கட்டணத்தைக் குறைக்கும் வழி, சேதம் தேடும் ஆட்டக்காரர்கள் திரும்பியும் பார்க்காத ஒரு சிறு பண்பு: ஆற்றல் செலவுக் குறைப்பு. உச்ச நிலைக்குப் பின் சேரும் பாராகன் புள்ளிகளில் 50ஐ அதில் போட்டால் 10 சதவீதம். கைக்கோலில் 10. தோள்கவசத்தில் 8, கையுறையில் 8. இவற்றை அப்படியே கூட்டக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்க வேண்டும். 25 முதலில் 22.5 ஆகிறது, பிறகு 20.25, பிறகு 18.63, கடைசியில் 17.14. இத்துடன் ஸ்டார்ம் ஆர்மர் மந்திரத்துக்குப் பவர் ஆஃப் தி ஸ்டார்ம் என்ற ரூன், அதாவது மந்திரத்தின் மாற்று வடிவம், உண்டு. எல்லாத் திறன்களின் செலவிலும் 3 கழிக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு தாவல் 14, 15 என்ற அளவுக்கு இறங்குகிறது.

வரவுப் பக்கத்தில் ஆஸ்ட்ரல் பிரசன்ஸ் என்ற பாசிவ் (அழுத்தாமலே எப்போதும் இயங்கும்) திறன் கொள்ளளவை 20, ஊற்றை நொடிக்கு 2.5 உயர்த்துகிறது. 120 பவர், தாவலுக்கு 15 என்றால் தொடர்ச்சியாக எட்டுத் தாவல். தாவும்போதே ஊறுவதைச் சேர்த்தால் அதற்கும் மேல். குடுவை காலியானாலும் சுமார் 1.2 நொடிக்கு ஒன்று. முன்பு இரண்டரை நொடி. தாளில் அற்பமாகத் தெரியும் இந்த இடைவெளி, விரலில் முற்றிலும் வேறாக இருக்கிறது: பவர் காட்டும் நீலக் குமிழை ஓரக்கண்ணால் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் இன்னொன்று உறைத்தது. மீட்டியோர் ஒன்றை வீச 40 பவர். அதே தள்ளுபடிகள் அதற்கும் உண்டு என்றாலும், ஒரு மீட்டியோர் என்பது ஒன்றரைத் தாவலுக்கும் மேல். போதாததற்கு அது வானிலிருந்து விழ ஒரு நொடிக்கும் மேல் ஆகும். தாவிக்கொண்டே இருப்பவன் வீசும் மீட்டியோர், அவன் போனபிறகு வெறுந்தரையில் விழுகிறது. மீட்டியோர் பில்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு மீட்டியோரை வீசாமல் இருப்பதா என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் தல் ரஷா செட்டின் அழகே அதுதான். இரண்டு துண்டு அணிந்தாலே, நாம் எந்தத் தனிமத்தால் அடிக்கிறோமோ அந்தத் தனிமத்தின் மீட்டியோர் ஒன்று தானாக விழும். தனிமத்துக்கு 8 நொடி இடைவெளி. ஆறு துண்டு அணிந்தால், அடுத்தடுத்துத் தொடும் ஒவ்வொரு தனிமமும் சேதத்தைப் படிப்படியாக ஏற்றும். அந்த ஏற்றமும் 8 நொடிதான். ஆக, நான்கு தனிமங்களையும் காசு செலவழிக்காமல் தொடுவது எப்படி என்பதே கேள்வி.

டெலிபோர்ட்டுக்குக் கலாமிட்டி ரூன் போட்டேன். இறங்கும் இடத்தில் சுற்றி உள்ளவர்களை ஆர்கேன் அலையால் அடித்து, ஒரு நொடி திகைக்க வைக்கும். இனி தாவலே அடி, அடியே தாவல். ஸ்டார்ம் ஆர்மர் தானாகவே பக்கத்தில் இருப்பவரை மின்னலால் சொடுக்கிக்கொண்டிருக்கும். ஃபமிலியர் என்ற துணை உருண்டைக்கு ஐசிகிள் ரூன். அது தன் பாட்டுக்குக் குளிர் அம்புகளை விடும். நான் செய்வது தாவுவது மட்டும், அதற்குள் மூன்று தனிமங்கள் வேலை செய்துவிடுகின்றன. நெருப்பு மட்டும்தான் மீட்டியோரின் பங்கு, அதையும் எலீட் எதிரில் நின்றால் மட்டும் வீசுகிறேன். நான்காவது படி தேவைப்படும் இடத்தில்தான் நான்காவது தனிமம் வருகிறது. ஃபமிலியருக்கு ஆர்கனாட் ரூன் போட்டால் பவர் இன்னும் ஊறும் என்ற ஆசை வராமல் இல்லை. ஆனால் குளிர் போய்விடும். இரண்டு நாள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஐசிகிளிலேயே நின்றேன்.

மீதி இரண்டு திறன்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: மேஜிக் வெப்பன், பிளாக் ஹோல். பிந்தையதை நாளுக்கு நான்கு முறை அழுத்தினால் பெரிது. இடது சொடுக்கில் இருந்த தாக்குதலை எடுத்துவிட்டு, நடப்பதற்கு மட்டும் தனி விசை வைத்துக்கொண்டேன். தவறி ஓர் அரக்கன்மேல் சொடுக்கி அங்கேயே நின்று அடிக்கும் தொல்லை ஒழிந்தது.

அடுத்தது எதை எங்கே மாட்டுவது என்ற குறுக்கெழுத்துப் புதிர். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

டெத்ஸ் பிரெத்தை இரட்டிப்பாக்கும் ஒரு செட் உண்டு, சேஜஸ் ஜர்னி. தலை, கை, கால் மூன்றிலும் அணிந்தால் பலன். அது வேண்டும். தங்கம் பொறுக்கினால் அந்த அளவு கவசம் தரும் கோல்டுராப் இடுப்பில் வேண்டும். சிறிது நேரம் பலம் தரும் பைலான்களையும் சன்னதிகளையும் தொடும்போது எலீட் கூட்டம் ஒன்றை வரவழைக்கும் நெமசிஸ் பிரேசர்ஸ் மணிக்கட்டில் வேண்டும். தல் ரஷாவின் ஆறு துண்டுப் பலனும் விட முடியாது. தல் ரஷாவில் மொத்தம் ஏழு துண்டுகள்: தலை, கழுத்து, மார்பு, இடுப்பு, கால்சட்டை, கையுறை, இடக்கை. சேஜ் வந்தால் தலையும் கையும் போச்சு. கோல்டுராப் வந்தால் இடுப்பும் போச்சு. நான்கு துண்டுதான் மிஞ்சுகிறது.

முடிச்சை அவிழ்ப்பது ரிங் ஆஃப் ராயல் கிராண்டியர். செட் பலனுக்கு வேண்டிய துண்டுகளில் ஒன்றைக் குறைக்கும். இரண்டுக்குக் கீழே போகாது. ஆட்டத்தின் முதல் அங்கத்தின் பவுண்டிகளை (சிறு பணிகளை) முடித்தால் தரும் பெட்டியில் கிடைக்கும். இது தல் ரஷாவுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சேஜுக்கும் சேர்த்தே வேலை செய்கிறது. சேஜின் மூன்று இரண்டாகிறது: கையுறையும் பூட்ஸும் போதும், தலை தல் ரஷாவுக்கே திரும்புகிறது. தல் ரஷாவின் ஆறு ஐந்தாகிறது: தலை, கழுத்து, மார்பு, கால்சட்டை, இடக்கை. எண்ணிப் பாருங்கள், சரியாக ஐந்து. இடுப்பு கோல்டுராப்புக்கு, மணிக்கட்டு நெமசிஸுக்கு. மோதிரத்தை விரலில் போடாமல் கியூபின் நகைக் குழியில் ஏற்றிவிட்டால் இரண்டு விரலும் காலி. பழைய எட்ச்டு சிஜில் இருந்த இடக்கையில் தல் ரஷாவின் உருண்டை ஏறியதால்தான் இந்தக் கணக்கு கூடியது. நிற்பதற்கான பொருள் ஒன்று வெளியே போனதும் மற்றவை தாமே இடம் கண்டுகொண்டன.

பூட்ஸ் இடம் சேஜுக்குப் போனதால், மீட்டியோர் சேதத்தை உயர்த்தும் நில்ஃபர்ஸ் போஸ்ட்டைக் கியூபின் கவசக் குழியில் ஏற்றினேன். பூட்ஸில் ஓட்ட வேகம் வரவேண்டும் என்று எல்லோரும் தேடுவார்கள். தேவையில்லை. பொருள்கள், பாராகன் எல்லாம் சேர்ந்து ஓட்ட வேகத்துக்கு 25 சதவீதம் உச்சவரம்பு; பாராகனில் 50 புள்ளி போட்டாலே அது நிரம்பிவிடும். பூட்ஸில் வேகம் இருந்தால் அது வீண் வரி.

விரல்களில் ஒன்று அவாரிஸ் பேண்ட், மற்றது ஸ்டோன் ஆஃப் ஜோர்டன். அவாரிஸ் தனியாக வந்தால் பயனில்லை; பூன் ஆஃப் தி ஹோர்டர் கல்லும் கோல்டுராப்பும் சேர வேண்டும். கல் இருந்தால் கொல்லும்போது அவ்வப்போது தங்கம் வெடித்துச் சிதறும். அவாரிஸ் தங்கம் எடுக்கும்போதெல்லாம் பொறுக்கும் வட்டத்தை ஒரு கெஜம் விரிக்கும், 30 முறைவரை. கோல்டுராப் அந்தத் தங்கத்தை ஐந்து நொடிக் கவசமாக்கும். இந்த மூன்றும் சுழலத் தொடங்கினால் எதிரிகள் அடிப்பதே உறைக்காது. கல் 25ஆம் நிலை அடைந்ததும் தங்கம் எடுத்தவுடன் மூன்று நொடிக்கு 30 சதவீதம் கூடுதல் வேகம். முன் சொன்ன உச்சவரம்புக்கு மேல் வருவது இது.

இங்கே ஒரு தவறு செய்தேன். கல்லை ஏழாம் நிலையில் மாட்டிக்கொண்டு, வேகம் ஏன் வரவில்லை என்று ஒரு மாலைப்பொழுது முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். விளக்கத்தைக் கடைசி வரிவரை படிக்கவில்லை, அவ்வளவுதான். கல்லின் நிலையைவிடப் பத்து நிலை உயர்ந்த கிரேட்டர் ரிஃப்ட்டை முடித்தால் உர்ஷி என்ற பாத்திரம் தரும் மேம்பாடு தவறாமல் பலிக்கும். பழைய பில்ட்டையே மாட்டிக்கொண்டு சில ஓட்டங்களில் ஏற்றி முடித்தேன்.

இன்னொரு தவறு உயிரை வாங்கியது, சொல்லப்போனால் பல முறை. வழி முழுக்கக் கீறல்கூட விழாமல் வந்துவிட்டு, கடைசியில் ரிஃப்ட்டின் இறுதி எதிரியான ரிஃப்ட் கார்டியனிடம் செத்து விழுந்தேன். முதல் முறை தற்செயல் என்று நினைத்தேன். மூன்றாம் முறை பதிவைப் போட்டுப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கார்டியன் தனி ஆள். கொல்ல வேறு அரக்கர் இல்லை. ஆகவே தங்கம் இல்லை. ஐந்து நொடியில் கவசம் கரைந்துவிடுகிறது. அதுவரை என்னைக் காத்தது என் திறமை என்று எண்ணியிருந்தேன். காத்தது தரையில் கிடந்த காசு. அதன்பின் இரண்டு மாற்றங்கள். காத்திருப்பைக் குறைக்கும் எவோகேஷன் பாசிவுக்கு, காத்திருப்பே இல்லாத பில்ட்டில் வேலையில்லை. அந்த இடத்தில் சாவின் விளிம்பில் ஒருமுறை காப்பாற்றும் அன்ஸ்டேபிள் அனாமலி வந்தது. இரண்டாவது, கார்டியன் தோன்றும் தறுவாயில் பக்கத்துக் கூட்டத்தைக் கொல்லாமல் விட்டுவைத்து, அதன் நடுவிலேயே கார்டியனைச் சந்திப்பது. சுற்றி நிற்கும் சில்லறைகள் உண்மையாகவே சில்லறை தருகின்றன.

பாசிவ்களில் இல்யூஷனிஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பலமாக அடி வாங்கினால் டெலிபோர்ட்டின் காத்திருப்பை அழிப்பது அதன் முதல் பாதி. ஏதர் வாக்கர் இருக்கையில் அது செத்த எழுத்து. ஆனால் டெலிபோர்ட் செய்த மூன்று நொடிக்கு ஓட்ட வேகத்தை 30 சதவீதம் உயர்த்துவது இரண்டாம் பாதி. முதல் பாதியைப் பார்த்து இதைத் தூக்கி எறிந்தவன் நான்; இரண்டாம் பாதிக்காகத் திரும்ப எடுத்தேன்.

கடினநிலையில் மானத்தைப் பார்க்கக் கூடாது. மிகக் கடினமான டார்மென்ட் 16இல் டெத்ஸ் பிரெத்தும் லெஜண்டரிகளும் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அங்கே கலாமிட்டியின் அலை பட்டும் சாதாரண அரக்கர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். திரும்பிப் போய் இரண்டாம் முறை தாவ வேண்டியிருந்தது. திரும்பிப் போகும் ஒவ்வொரு தடவையும் நான் மிச்சம் பிடித்ததைக் கரைத்தது. 13க்கு இறங்கினேன். தாவி இறங்கிய இடத்தில் சாதாரணர்கள் ஒரே அலையில் விழ வேண்டும், எலீட் ஐந்தாறு நொடிக்குள் விழ வேண்டும். இது நடக்கும் மிக உயர்ந்த நிலை எதுவோ அதுவே என் நிலை. கருவிகள் மேம்பட்டபின் 14க்கும் பிறகு 15க்கும் ஏறினேன்.

ரிஃப்ட்டுக்குள் வழி தேர்வதும் மாறியது. டெத்ஸ் பிரெத் எலீட்டுகளிடம்தான் இருக்கிறது. சந்துகளில் ஒதுங்கி நிற்கும் இரண்டு மூன்று எலும்புக்கூடுகளைத் தேடிப் போவதில்லை. பைலான் கண்ணில் பட்டால் மட்டும் விடுவதில்லை, நெமசிஸ் இருக்கிறதே. கண்டியூட் பைலானைத் தொட்டு, அது வரவழைத்த எலீட் கூட்டமே அதன் மின்னலில் கருகுவதைப் பார்ப்பது இந்த ஆட்டத்தின் மலிவான, ஆனால் அலுக்காத இன்பம். ஊருக்குத் திரும்புவது பை நிறைந்தால் மட்டும்; கொல்லரிடம் மொத்தமாக உடைக்கும் பொத்தான்கள் இருக்கும்போது ஒவ்வொரு பொருளாகத் தடவிப் பார்ப்பவர்கள் ஸ்பீட் ஃபார்மிங் (வேகமாகப் பொருள் சேர்ப்பது) பற்றிப் பேசக் கூடாது.

மீண்டும் பதிவு செய்து பார்த்தேன். ஆறு நிமிடத்தை ஒட்டி இருந்த ரிஃப்ட் நான்கு நிமிடத்துக்குள் முடிகிறது; நல்ல வரைபடம் அமைந்தால் மூன்றைத் தொடுகிறது. சேஜ் செட்டின் இரட்டிப்பும் நெமசிஸ் வரவழைக்கும் கூடுதல் எலீட்டுகளும் இதற்கு மேல். காட்சியில் விஸார்ட் நடக்கும் இடங்கள் இப்போதும் உண்டு: கதவுகள், தளம் மாறும் வாயில்கள், எந்தப் பக்கம் போவதென்று நான் தயங்கும் சந்திகள். கடைசியாகச் சொன்னதற்கு எந்த லெஜண்டரியும் இல்லை.

தீராத குறை ஒன்று இருக்கிறது. தோள்கவசத்துக்கு எந்தச் சிறப்புச் சக்தியும் கிடைக்கவில்லை. செலவுக் குறைப்பு 8 சதவீதம் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மொண்ணைப் பொருளை அணிந்திருக்கிறேன். பழைய பில்ட்டை ஆர்மரி என்ற ஆயுத அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒரு சொடுக்கில் கியூபின் சக்திகளோடு திரும்பி வந்துவிடும். வாரக் கடைசியில் அதை மாட்டிக்கொண்டு கிரேட்டர் ரிஃப்ட்டுக்குள் போனால், முதல் இரண்டு நிமிடம் என் கட்டைவிரல் டெலிபோர்ட் விசையை அழுத்திக்கொண்டே இருக்கிறது. திரையில் 11 நொடி எண்ணிக்கை ஓடுகிறது.